கேடயத்திற்கு ஒரு பெயர் உண்டு



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்சிக்கலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உலக மக்களின் அலங்கார வடிவங்கள் என்பது அன்றைய தலைப்பு. இணையத்தில் தேடியபோது நியூகினித் தீவின் மரக்கேடயம் ஒன்றின் படம் கிடைத்தது. அதன் கோட்டுருவத்தை நகலெடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். பிள்ளைகள் ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு என்று கைக்குக் கிடைத்த வண்ணங்களையெல்லாம் தீட்டினார்கள். சிலர் மினுமினுப்புத் தூளும் தூவினார்கள். மணிலா அட்டையில் ஒட்டிப் பின்சுவரில் தொங்கவிட்டோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பாடம் முடியும் வேளையில் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இது யாருடைய கேடயம்?"

"நியூகினி மக்களுடையது."

"அது தெரியும் டீச்சர். யாருடையது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மணி அடித்தது என்னைக் காப்பாற்றியது. ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கும் உடன் வந்தது. அதன் பிறகு சில மாதங்கள் தேடிப் படித்ததில் ஒன்று விளங்கியது. அந்தக் கேள்விதான் சரியான கேள்வி; நான் நடத்திய பாடம்தான் பிழையான பாடம். இக்கேடயங்களை அலங்காரம் என்ற தலைப்பின் கீழ் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நியூகினித் தீவின் தென்மேற்குக் கரையில், இந்தோனேசியாவின் தென் பாப்புவா மாநிலத்தில் அஸ்மாட் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய நிலம் ஆறுகளும் சேறும் சதுப்புமான நிலம். அங்கே கல் கிடையாது. இரும்பு வருவதற்கு முன் அவர்கள் பயன்படுத்திய கற்கோடரிக்குரிய கல்லைக்கூட மலைநாட்டாரிடமிருந்து பண்டமாற்றாகப் பெற வேண்டியிருந்தது. கல்லே இல்லாத நாட்டில் மரமே எல்லாமும் ஆயிற்று. வீடு மரம், படகு மரம், உணவும் மரம். சாகோ மரத்தின் மாவுதான் அவர்களுக்குச் சோறு. அவர்களுடைய தொன்மக் கதையில் மனிதனும் மரத்திலிருந்தே வருகிறான். ஃபுமெரிபிட்ஸ் என்னும் முதல்வன் தனிமை தாளாமல் மரத்தில் உருவங்களைச் செதுக்கினான். பின்னர் ஒரு முரசு செய்து அறைந்தான். முரசொலிக்கு ஏற்ப அம்மர உருவங்கள் மெல்ல அசைந்து, ஆடி, உயிர் பெற்றன. அந்த மக்களுக்குச் செதுக்குதல் பொழுதுபோக்கு அன்று, படைத்தல் என்பது இந்த ஒரு கதையிலிருந்தே விளங்கும்.

அவர்களின் போர்க்கேடயம் சதுப்புநிலக் காட்டு மரத்தின் பலகை போல் விரிந்த வேரிலிருந்து வெட்டப்படுவது. ஆள் உயரத்துக்கு இருக்கும். சில அதற்கும் மேலே. செதுக்குபவரை 'வோவ்-இபிட்ஸ்' என்பார்கள். யாருக்காக அவர் செதுக்குகிறாரோ அவருடைய குடும்பம் வேலை முடியும்வரை அவருக்கு உணவளிக்க வேண்டும். வண்ணங்கள் மூன்றே: கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பின் வெள்ளை, செம்மண்ணின் சிவப்பு, அடுப்புக்கரியின் கறுப்பு. என் மாணவர்கள் தூவிய மினுமினுப்புத் தூளை நினைத்து இங்கே சற்று வெட்கப்பட்டேன்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். யாருடைய கேடயம்? அஸ்மாட் கேடயத்திற்கு ஒரு பெயர் சூட்டப்படும். அது இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயர். தந்தை, தமையன், தாய்மாமன் என்று யாராகவும் இருக்கலாம். கைக்குழந்தைகளும் மிக முதியவர்களும் தவிர வேறெவரும் இயல்பாக இறப்பதில்லை, பகைவரின் ஆயுதமோ சூனியமோதான் ஒருவரைக் கொல்கிறது என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. ஆகவே ஒவ்வோர் இறப்பும் ஈடுசெய்யப்பட வேண்டிய கடன். அந்தக் கடனை மறவாதிருக்கவே கேடயத்திற்குப் பெயர். ஏந்திச் செல்பவன் மரத்தின் பின்னால் மட்டும் நிற்கவில்லை, தன் முன்னோரின் பின்னால் நிற்கிறான். போர் இல்லாத நாளில் அக்கேடயம் வீட்டில் நின்று தீய ஆவிகளைத் தடுக்கும். பெரும்பாலான கேடயங்களின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உருவமும் பல இடங்களில் அந்த முன்னோரின் உருவமே. நாம் அதை 'கைப்பிடி' என்று நினைத்துத் தலைகீழாக ஒட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் அப்படியே தொங்கியது.

முகப்பில் உள்ள வளைவுகளும் சுழிகளும் வெறும் கோலம் அல்ல. பழந்தின்னி வௌவால், இருவாய்ச்சி, கருங்காக்கட்டுவான் ஆகியவை அவற்றில் அடிக்கடி வரும். இவற்றுக்குள் என்ன ஒற்றுமை? எல்லாம் பழமும் கொட்டையும் தின்பவை. அஸ்மாட் எண்ணத்தில் மனிதன் ஒரு மரம்: கால்கள் வேர், உடல் அடிமரம், கைகள் கிளைகள், தலை பழம். பழத்தைப் பறித்துத் தின்னும் பறவை, பகைவரின் தலையைக் கொய்து வரும் வீரனைக் குறிக்கிறது. கும்பிடுபூச்சியும் வரும், ஆண்பூச்சியின் தலையைக் கடித்துத் தின்பது அதன் பெண்பூச்சியின் இயல்பு. சிப்பியில் செய்த மூக்கணியின் சுருளும் வரும். அதை அணிபவன் தலைவேட்டையில் பெயர் பெற்றவன்.

ஆம், தலைவேட்டை. இந்த இடத்தில் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாடத்தைத் திருத்தி மீண்டும் நடத்தியபோது ஒரு தாயார் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: "இதையெல்லாம் ஏன் டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்? அழகான படத்தைக் காட்டினால் போதாதா?" அவர் கவலை நியாயமானது. ஆனால் அழகை மட்டும் காட்டினால் பிள்ளை பெறுவது பொய். கேடயம் அழகுக்காகச் செய்யப்படவில்லை. மனிதன் மனிதனைக் கொல்ல வந்த வேளையில் இடையில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அதை மறைத்தால் அந்த மக்களை நாம் பொம்மைகளாக்கிவிடுகிறோம். தலைவேட்டையை மட்டும் சொல்லி, பெயரையும் துயரத்தையும் கடனையும் விட்டுவிட்டால் அவர்களை அரக்கர்களாக்கிவிடுகிறோம். இரண்டையும் ஒருசேரச் சொல்வதுதான் கடினம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். இராமாயணமும் பாரதமும் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்குத் தலை அறுபடும் கதை புதிதா என்ன?

அரக்கர்களாக்கும் வேலையை இணையம் ஏற்கெனவே செய்துவருகிறது. அஸ்மாட் என்று தேடினால் முதலில் வருவது மைக்கேல் ராக்ஃபெல்லரின் கதை. நியூயார்க் ஆளுநரின் மகனான அந்த 23 வயது இளைஞர் 1961இல் மரச்சிற்பங்கள் சேகரிக்கச் சென்றார். நவம்பரில் படகு கவிழ்ந்தது. கரைக்கு நீந்திப் போகிறேன் என்று புறப்பட்டவர் திரும்பவில்லை. அவர் என்ன ஆனார் என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. ஆனால் அந்த ஒரு மறைவைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்கு அளவே இல்லை. அவர் சேகரித்த பொருள்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், அவர் பெயரிலேயே 1982இல் திறக்கப்பட்டு 2025இல் புதுப்பித்து மீண்டும் திறக்கப்பட்ட பகுதியில் இருக்கின்றன. இறந்தவரின் பெயர் சூட்டப்பட்ட கேடயங்கள், இறந்த இன்னொருவரின் பெயர் தாங்கிய கூடத்தில் நிற்கின்றன. சேகரித்தவரின் பெயர் நமக்குத் தெரியும். செதுக்கியவரின் பெயர் பல வேளைகளில் தெரியாது. இதற்கு விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். அட்ரியன் கெர்பிராண்ட்ஸ் என்னும் டச்சு ஆய்வாளர் அஸ்மாட் ஊர் ஒன்றில் தங்கி, எட்டுச் செதுக்குநர்களைத் தனித்தனி ஆளாக, அவரவர் கைவண்ணத்தோடு, அவரவர் பெயரோடு விவரித்து எழுதினார். அந்நூலின் ஆங்கிலப் பதிப்பு 1967இல் வந்தது. 'பழங்குடிக் கலை' என்ற பெயரில் தனிமனிதனைக் கரைத்துவிடாத நூல் அது.

பெயர் என்று வரும்போது நம் வீட்டுக் கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. நான் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் சுற்றத்தில் இந்நாட்டின் பூர்வகுடி மக்களை 'சாக்காய்' என்று கூசாமல் சொல்வார்கள். அது இழிசொல் என்று பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம்மையும் ஓர் இழிசொல்லால் அழைப்பவர்கள் உண்டு. அது எப்படிச் சுடும் என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 'மெலனீசியா' என்ற சொல்லே அயலார் இட்டது. 1830களில் ஒரு பிரெஞ்சுக் கடலோடி அம்மக்களின் தோல் நிறத்தைப் பார்த்து, கறுப்புத் தீவுகள் என்ற பொருளில் வைத்த பெயர் அது. ஒரு மாணவி தன் கட்டுரையில் அஸ்மாட் மக்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடிக்கப் போனேன்; பிறகு அடிக்காமல் அவளை அழைத்துப் பேசினேன். அந்தச் சொல்லை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்டால், நாம் எல்லோரும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மெலனீசியக் கேடயங்கள் எல்லாம் ஒன்று என்றும் எண்ணிவிடக் கூடாது. சாலமன் தீவுகளில் மரப்பலகைக்குப் பதிலாகப் பின்னல் கேடயம். தமிழில் 'கிடுகு' என்ற சொல் கேடயத்தையும் குறிக்கும், முடைந்த ஓலையையும் குறிக்கும். சாலமன் கேடயத்திற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பின்னலின் மேல் ஒரு கொட்டையை அரைத்த பசையைப் பூசி, நாட்டிலஸ் சிப்பியின் சிறு துண்டுகளை நூற்றுக்கணக்கில் பதித்துச் சில கேடயங்கள் செய்தார்கள். நடுவில் நீண்ட மனித உருவம், சுற்றிலும் சிறு முகங்கள். போருக்கு அன்றிப் பெருமைக்காகவே அவை செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மிகச் சிலவே உலகில் எஞ்சியுள்ளன.

துரோபிரியாண்ட் தீவுகளின் கேடயம் ஆசிரியர்களாகிய நமக்கு வேறொரு பாடம் வைத்திருக்கிறது. அதன் முகப்பில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை நிறங்களில் மிக நுட்பமான ஓவியம் இருக்கும். அஞ்சா நெஞ்சர் மட்டுமே ஓவியம் தீட்டிய கேடயத்தை ஏந்துவார்களாம். ஏனெனில் வண்ணக் கேடயத்தைக் கண்டால் பகைவரின் ஈட்டிகள் எல்லாம் அதையே நாடி வரும். இதை மாலினோவ்ஸ்கி 1920இல் எழுதினார். ஆனால் அந்த ஓவியத்தின் பொருள் என்ன? எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் 1954இல், அது இரவில் பறந்து வரும் சூனியக்காரியின் உருவம் என்றார். சில ஆண்டுகளில் ரொனால்ட் பெர்ண்ட் அதை மறுத்து, ஆண் பெண் சேர்க்கையின் உருவம் என்றார். அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டே இருந்தார்கள். தீட்டியவர்களிடம் கேட்டு முடித்திருக்க வேண்டிய காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. நாமோ 'சின்னத்தையும் பொருளையும் இணைத்திடுக' என்று பயிற்சித்தாள் தயாரித்து, ஒரு சின்னத்துக்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஒரு மதிப்பெண் என்று கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படி ஒரு தாள் தயாரித்தவள்தான். வௌவால் ஒரு பக்கம், தலைவேட்டை மறுபக்கம், நடுவில் கோடு. அதைக் கிழித்துப் போட்டேன். ஓர் ஊரில் வௌவால் என்று சொல்லப்படும் வடிவம் அடுத்த ஆற்றங்கரை ஊரில் வேறொன்றாகச் சொல்லப்படலாம். விடைத்தாளில் அதற்கு இடமில்லை.

பழமை மாறாத மக்கள் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். பாப்புவா நியூகினியின் மலைநாட்டில் வாகிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே வெளியுலகத்தார் 1933இல்தான் முதன்முதலாக நுழைந்தார்கள். ஆஸ்திரேலிய ஆட்சியில் குலச்சண்டைகள் அடங்கின, கேடயங்களும் மறைந்தன. 1980களில் சண்டை திரும்பியபோது கேடயமும் திரும்பியது, ஆனால் கடையில் வாங்கிய பெயிண்டோடு. மைக்கேல் ஓஹன்லன் என்ற ஆய்வாளர் அவற்றை லண்டனுக்குச் சேகரித்துச் சென்று 1993இல் கண்காட்சி வைத்தார். ஒரு கேடயத்தில் பீர் நிறுவனத்தின் சின்னம் அப்படியே வரையப்பட்டிருந்தது. விளம்பரம் என்றுதானே நாம் நினைப்போம்? வரைந்தவரின் விளக்கமோ வேறு: இந்தச் சண்டை மூண்டதற்குக் குடியைத் தவிர வேறு காரணம் இல்லை என்பதைப் பகைவருக்கும் பார்ப்பவருக்கும் அறிவிக்கும் செய்தி அது. நம் தோட்டங்களில் குடியால் மூண்ட சண்டைகளுக்கும் இப்படி ஒரு கேடயம் செய்திருக்கலாம்.

இன்னும் வியப்பு, மலைநாட்டுக் கேடயங்களில் முகமூடி அணிந்த 'ஃபேண்டம்' நிற்கிறார்! தமிழ்ச் சித்திரக்கதைகளில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் நாம் சிறுவயதில் படித்த அதே முகமூடி வீரர்தான். அங்கே அவர் கதை டோக் பிசின் மொழியில் செய்தித்தாளில் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தந்தையின் முகமூடியை மகன் அணிவதால் சாவே இல்லாதவர் என்று பெயர் பெற்றவர் அவர். முன்னோரின் ஆற்றல் தன் முன் நிற்க வேண்டும் என்று விரும்பும் வீரனுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார்? 'சாகாத மனிதன்' என்ற சொற்களையும் கேடயத்தில் எழுதினார்கள். இதைக் கண்டு 'மரபு கெட்டுவிட்டது' என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய எண்ணம் புதிய உருவில் நிற்கிறது, அவ்வளவே. இந்தப் படத்தைக் காட்டிய அன்று வகுப்பில் தூங்கி வழிந்த பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் கதையை இங்கே இனிப்பாக நிறுத்தவும் கூடாது. கேடயங்களின் பின்னால் துப்பாக்கி வந்தது. துப்பாக்கிக் குண்டுக்கு முன் மரமும் தகரமும் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் எங்கா மாநிலத்தில் நடந்த குலச்சண்டையில் ஒரே நாளில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன்.

அஸ்மாட்டில் நடந்தது வேறு. 1963இல் இந்தோனேசியா அந்நிலத்தின் ஆட்சியை ஏற்ற பிறகு, தலைவேட்டையை ஒழிக்கிறோம் என்று விழாக்களையும் செதுக்குதலையும் தடை செய்தார்கள். ஆண்கள் கூடும் பொதுவீடுகளை எரித்தார்கள். கொலையை நிறுத்த உளியைப் பறித்தார்கள். பின்னர் 1960களின் இறுதியில் ஐக்கிய நாட்டுத் திட்டம் ஒன்றும் கத்தோலிக்கப் பாதிரிமாரும் முயன்று செதுக்குதலுக்கு மறுவாழ்வு தந்தார்கள். 1973இல் அகாட்ஸ் நகரில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. 1981 முதல் செதுக்குப் போட்டியும் ஏலமும் நடைபெற்று வந்துள்ளன. இன்று செதுக்கப்படும் கேடயம் பெரும்பாலும் விற்பனைக்கு. வாங்குபவரின் பெட்டியில் அடங்கும்படி சிறிதாகவும் செய்கிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? அந்தப் பணத்தில் அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஆகவே ஆசிரியர் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நகலெடுத்த கோட்டுருவத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லாதீர்கள். படத்தைக் காட்டுங்கள், எந்த ஊர், எந்த மரம், எந்த நிறம், ஏன் அந்த நிறம் என்று பேசுங்கள். செதுக்கியவர் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று கரும்பலகையில் எழுதுங்கள். பாடத்திட்டத்துக்கு நேரம் போதாது என்பீர்கள். வண்ணம் தீட்டவும் அதே ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. நம் சரவாக்கிலும் முகம் தீட்டிய கேடயங்கள் உண்டு; அவை வேறு மரபைச் சேர்ந்தவை, ஆனால் இதே கேள்விகளை அங்கும் கேட்கலாம்.

இவ்வாண்டு நான் செய்தது இவ்வளவே. பின்சுவரில் இருந்த பழைய படங்களைக் கழற்றினேன். அஸ்மாட் வடிவங்களைப் பார்த்து வரையக் கூடாது என்று சொல்லி, வெற்று மணிலா அட்டைகளைக் கொடுத்தேன். உங்களைக் காக்க யார் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவர் பெயரை முதலில் பின்பக்கம் எழுதுங்கள், அதன் பிறகு முன்பக்கத்துக்குப் போகலாம் என்றேன். சிலர் தாத்தா பெயரை எழுதினார்கள். ஒருவன் தன் நாயின் பெயரை எழுதினான், நான் மறுக்கவில்லை. ஒரு மாணவி மட்டும் நெடுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். 2021இல், கோவிட் காலத்தில், பாட்டியை இழந்தவள் அவள். பாட்டியின் பெயரை எழுதலாமே என்று மெல்லச் சொன்னேன்.

"வேண்டாம் டீச்சர். பாட்டி யாரிடமும் சண்டை போட்டதே இல்லை" என்றாள்.

அவள் அட்டையை எழுதாமலே வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.